இரண்டு கைதட்டல்

பரத்வாஜுக்குப் பந்தைவிட எதிராளியைத்தான் நன்றாகப் பார்க்கத் தெரியும். எவனுக்கு எந்த முழங்காலில் பழைய அடி, எவனைச் சீண்டினால் கோபம் வந்து தப்பாட்டம் ஆடுவான், எவன் பெண்கள் பக்கம் பார்த்துக்கொண்டே பந்தை விடுவான் என்பதெல்லாம் அவனுக்கு அத்துப்படி. மயிலாப்பூர்க் கல்லூரி பாஸ்கெட்பால் அணியில் அவன் பாயிண்ட் கார்டு. அதாவது பந்தைத் தட்டிக்கொண்டு முன்னே போய், மற்ற நாலு பேரையும் ஆட்டுவிக்கிற ஆள். ஆட்டக்காரனாகப் பார்த்தால் சுமார்தான். அது அவனுக்கே தெரியும் என்பது அவனிடம் இருந்த ஒரே நேர்மை.

அந்த வருஷம் கத்தி கழுத்துக்கு வந்திருந்தது. பி.காம். கடைசி வருஷம், பாஸ் பண்ணின பேப்பர்களைவிடப் பாக்கி வைத்தவை அதிகம். அப்பா கணக்கு வாத்தியார். அவரிடம் ட்யூஷன் படித்தவர்கள் பாங்க்கிலும் கலிஃபோர்னியாவிலும் இருந்தார்கள். பிள்ளை மட்டும் மாட வீதியில் பந்தைத் தட்டிக்கொண்டு திரிந்தான். பல்கலைக்கழக அணியில் இடம் கிடைத்தால் ரயில்வேயில் ஸ்போர்ட்ஸ் கோட்டா வேலை அநேகமாக நிச்சயம். ஆனால் அந்த அணியில் பாயிண்ட் கார்டுக்கு ஒரே இடம்தான் காலி. அது கைநழுவினால் லஸ்ஸில் சித்தப்பாவின் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் ரிப்பன் மாட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். அதையும் கம்ப்யூட்டர் கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கிக்கொண்டிருந்தது.

கல்லூரிகளுக்கிடையிலான போட்டியில் மயிலாப்பூர் இறுதி ஆட்டத்துக்கு வந்தாயிற்று. எதிரே வரப்போவது யார் என்று தெரிய, தி. நகர் பூங்காவை ஒட்டிய சிமெண்டுத் தளத்தில் நடந்த அரையிறுதியைப் பார்க்கப் போனான். கூட ராகேஷ். அணியில் இருந்தாலும் பெரும்பாலும் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவன். கை தட்டவும் கூச்சல் போடவும் அவனை விட்டால் ஆள் கிடையாது.

ஆட்டம் தொடங்கின கொஞ்ச நேரத்திலேயே பரத்வாஜ் மற்றவர்களை விட்டுவிட்டு ஒருவனையே பார்க்க ஆரம்பித்தான். மாம்பலத்து மாலைக் கல்லூரிக்காக ஆடிய பாயிண்ட் கார்டு, நல்லசிவம் என்று ஒருவன். குள்ளம். மூக்கு ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. காலில் நூல் பிரிந்த கான்வாஸ் ஷூ. ஆனால் பந்து எந்தத் திசையிலிருந்து வந்தாலும் பார்க்காமலே பிடித்தான். மேலே எம்பி வரும் பந்தை அண்ணாந்துகூடப் பார்க்காமல் இரண்டு கையாலும் வாங்கி, வாங்கின வேகத்திலேயே இன்னொருவனுக்குக் கொடுத்தான். வேலி ஓரம் நின்ற ஜனம் வாயைப் பிளந்தது.

"இவன் முன்னாடி நீ நின்னா டைப்ரைட்டிங்தான் மச்சி" என்றான் ராகேஷ். வேடிக்கையாகத்தான் சொன்னான். பரத்வாஜுக்கு அவனை அறையலாம் போல் இருந்தது.

அப்போதுதான் அது நடந்தது. கோட்டுக்கு வெளியே சுண்டல் விற்றுக்கொண்டிருந்தவர் கையில் ஒட்டின உப்பை உதற, பட் பட் என்று இரண்டு தட்டுத் தட்டினார். நல்லசிவம் பந்தைத் தட்டிக்கொண்டு அந்த ஓரமாக வந்துகொண்டிருந்தவன், சட்டென்று இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிவிட்டான். கேட்பாரற்ற பந்து உருண்டு வெளியே போயிற்று. நல்லசிவம் அசடு வழியச் சிரித்தான்.

"வேர்வையில வழுக்கிடிச்சி" என்றான் ராகேஷ்.

பரத்வாஜ் சுண்டல்காரரிடம் போனான். ஒரு பொட்டலம் சுண்டல் வாங்கினான். ஆட்டம் மறுபடி அந்த ஓரத்துக்கு வரும்வரை காத்திருந்தான். நல்லசிவம் முதுகைக் காட்டிக்கொண்டு பந்தோடு நெருங்கியபோது காகிதத்தைக் கீழே போட்டுவிட்டு, சுண்டல்காரர் மாதிரியே பட் பட் என்று தட்டினான். கைகள் மேலே போயின. பந்து வெளியே போயிற்று.

"இன்னா நைனா, சுண்டல்ல மண்ணா கீது? இப்டி ஒதர்ற" என்றார் சுண்டல்காரர்.

"நன்னா இருக்கு, இன்னொரு பொட்டலம் குடுங்கோ" என்றான் பரத்வாஜ். எத்தனையோ நாளைக்கப்புறம் அவனுக்கு உண்மையிலேயே பசித்தது.

நல்லசிவம் ரங்கநாதன் தெருவில் அவன் தாய்மாமாவின் ஜவுளிக்கடையில் வேலை பார்ப்பதாக ராகேஷ் விசாரித்துச் சொன்னான். கடைக்குப் போக ஒரு சாக்கு வேண்டும். வீட்டில் தங்கை ஸ்நேஹா, கல்லூரி விழாவுக்குப் புடவை வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"நீயா என்னைப் புடவை வாங்க அழைச்சுண்டு போறே? ஜுரம் கிரம் அடிக்கறதா?" என்று அண்ணனின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். அவளுக்கு ஒரே சந்தோஷம். பஸ்ஸில் ஜன்னல் ஓரத்தை அவனுக்கே விட்டுக் கொடுத்தாள்.

ஆவணி முகூர்த்தக் கூட்டம். ரங்கநாதன் தெருவில் நடக்க வேண்டியதில்லை, தள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். கடை குறுகலாக, நீளமாக இருந்தது. நடுவில் கூரையில் ஒரு சதுர ஓட்டை. மேலே சரக்கு அறை. கல்லாவில் இருந்த மாமா கீழே ஆள் தயாரா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு இரண்டு தட்டுத் தட்டினார். ஓட்டைக்குக் கீழே, யாருடனோ பேசிக்கொண்டிருந்த நல்லசிவத்தின் கைகள் உயர்ந்தன. கோணிச் சாக்கில் கட்டின வேட்டி மூட்டை ஒன்று மேலிருந்து வந்து அந்தக் கைகளில் விழுந்தது. பேச்சை நிறுத்தாமலே அதை இறக்கி வைத்தான்.

பரத்வாஜுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. பரீட்சைக் கேள்வி முன்கூட்டியே கையில் கிடைத்தவனுக்கு அப்படித்தான் இருக்கும்.

நல்லசிவம் அவனை அடையாளம் கண்டுகொண்டான். முகம் முழுக்கச் சிரிப்பு. "நீங்க மயிலாப்பூர் டீம்லா? நேத்து மேச்சு பாக்க வந்திருந்தீங்க, நான் பாத்தேன்." ஸ்நேஹாவின் கையில் இருந்த புடவையைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "அந்தப் பச்சையை எடுக்காதீங்கக்கா. ரெண்டு தண்ணியில சாயம் போயிரும். இருங்க, நான் நல்லதா எடுத்துத் தாரேன்."

கூரை ஓட்டையிலிருந்து தாடி வைத்த முகம் ஒன்று தலைகீழாக எட்டிப் பார்த்தது. "யாரு சிவம், சொந்தக்காரங்களா?" மேலே மூட்டை தள்ளுகிற வலியுல்லா அவர்.

"நம்ம எதிர் டீம், பாய்" என்றான் நல்லசிவம், சொந்தக்காரன் என்று சொல்வதைவிடப் பெருமையாக.

ஸ்நேஹாதான் கேட்டாள். "எதுக்கு வாயால கூப்பிடாம கை தட்டறார்?"

"இந்தத் தெரு இரைச்சல்ல தொண்டை கிழியக் கத்துனாலும் மேல கேக்காதுக்கா. மாமா ரெண்டு தட்டுத் தட்டுனா மூட்டை வரும். ஊர்ல இருந்து வந்த புதுசுல ஒருநா கவனிக்காம அண்ணாந்து பாத்துட்டு நின்னேன். மூஞ்சியிலயே விழுந்துச்சு." கோண மூக்கைத் தொட்டுக் காட்டினான். "அன்னைல இருந்து ரெண்டு தட்டு கேட்டா கை தன்னால மேல போயிரும். தூங்கும்போது தட்டுனாக்கூட. பாய் இதை வச்சு என்னயப் பாடாப் படுத்துவாரு."

ஸ்நேஹா சிரிக்கவில்லை. "ரொம்ப வலிச்சிருக்குமே" என்றாள்.

"அதை விடுங்க. ஒரு வகையில இதான் எனக்குப் பந்து பிடிக்கச் சொல்லிக் குடுத்துச்சு." பரத்வாஜ் பக்கம் திரும்பினான். "யுனிவர்சிட்டி டீம்ல வந்துட்டா ரயில்வேக்குப் போயிரலாம்ங்காங்க. இந்த ஒரு வருசம்தான் மாமா விட்டுவச்சிருக்காரு. கிடைக்கலன்னா ஆயுசுக்கும் இந்த ஓட்டைக்குக் கீழதான்."

ஒரே இடத்துக்கு இரண்டு பேரும் அடித்துக்கொள்கிறார்கள் என்பது அவனுக்கும் தெரியும். தெரிந்தும் சொன்னான். பந்தாடுகிறவன் எல்லாம் ஒரே ஜாதி என்று நினைத்துக்கொண்டிருந்த அப்பாவி. பரத்வாஜ் அவன் கையைப் பிடித்துக் குலுக்கி, "ஆல் த பெஸ்ட்" என்றான். நல்லசிவம் எடுத்துக் கொடுத்த மாம்பழக் கலர் புடவை ஸ்நேஹாவுக்கு அத்தனை நன்றாக இருந்தது.

இறுதி ஆட்டம் அடையாறில் ஒரு கல்லூரி மைதானத்தில். தேர்வாளர்கள் நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஸ்நேஹா தோழிகளோடு வந்திருந்தாள்.

முதல் பாதியில் நல்லசிவம் பரத்வாஜைச் சந்தி சிரிக்க வைத்தான். இடது பக்கம் போவதுபோல் போக்குக் காட்டி வலது பக்கம் போனதில் பரத்வாஜ் கால் பின்னிச் சிமெண்டில் உட்கார்ந்தேவிட்டான். மைதானமே கொல்லென்று சிரித்தது. ஸ்நேஹாவும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அதைப் பரத்வாஜ் பார்த்தான். அதுவரைக்கும் கொஞ்சம் தயக்கம் இருந்திருந்தால்கூட அங்கேயே தீர்ந்துபோயிற்று. இடைவேளையில் பெஞ்சுக்குப் போய் ராகேஷின் காதில் இரண்டு வார்த்தை சொன்னான்.

இரண்டாம் பாதி. நல்லசிவம் பந்தோடு மயிலாப்பூர் பெஞ்சைக் கடந்தான். ராகேஷ் இரண்டு தட்டினான். கைகள் உயர்ந்தன. தரையில் துள்ளின பந்தைப் பரத்வாஜ் பொறுக்கிக்கொண்டு போய்க் கூடையில் போட்டான். அடுத்த தடவையும் அப்படியே. மூன்றாவது தடவை நல்லசிவம் ஆடுதளத்துக்கு நடுவில் நின்று பெஞ்சைப் பார்த்தான். பிறகு பரத்வாஜைப் பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது.

கூட்டத்துக்கும் புரிந்துவிட்டது. கூட்டத்துக்கு இதைவிட என்ன வேண்டும். முதலில் மயிலாப்பூர்ப் பையன்கள், பிறகு மற்ற கல்லூரிக்காரர்கள், பிறகு பெண்கள் என்று எல்லாரும், அவன் பந்தைத் தொட்ட மாத்திரத்தில் பட் பட் என்று தட்டினார்கள். அவன் பந்தை வயிற்றோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு குனிந்தான். தட்டினார்கள். கைகள் அவனை மீறிப் பிய்த்துக்கொண்டு மேலே போயின. பந்து அவன் கால்மேலேயே விழுந்தது. ஒருவன் சிரித்துச் சிரித்துப் புரை ஏறி இருமினான். கோச் அவனை வெளியே எடுத்தார். பெஞ்சில் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் செருகி, அவற்றின்மேலேயே அழுத்தி உட்கார்ந்தான். அப்போதும் பின்னாலிருந்து ஒருவன் வந்து தட்டினான். கைகள் தொடையைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தன. அவன் அழுதான். கண்ணைத் துடைக்கக்கூடக் கையைத் தூக்கவில்லை.

மயிலாப்பூர் ஜெயித்தது. ஆனால் பரத்வாஜ் நினைத்தது முழுதாக நடக்கவில்லை. தேர்வாளர்களில் மூத்தவர் அவனைக் கூப்பிட்டுத் தட்டிக் கொடுத்துவிட்டு, "முதல் பாதியில அந்த மாம்பலத்துப் பையன் பிரமாதமா ஆடினான். அப்புறம் கூட்டம் கலாட்டா பண்ணினதுல பதறிட்டான் போல இருக்கு. வர்ற ஞாயிற்றுக்கிழமை ரெண்டு பேரும் வாங்க. இன்னொரு தரம் பாத்துட்டு முடிவு பண்றோம்" என்றார்.

ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தபோது நல்லசிவம் பக்கத்தில் வந்து நின்றான். "உங்ககிட்ட மட்டும்தான் சொன்னேன்" என்றான். குரலில் கோபம் இல்லை. அதுதான் பரத்வாஜுக்கு எரிச்சலாக இருந்தது. "சொன்னது என் தப்பு. ஞாயித்துக்கெழமை தட்டிப் பாருங்க. தூக்காது."

பஸ்ஸில் ஸ்நேஹா கேட்டாள். "நீதானே சொல்லிக் குடுத்தே?"

"ஆட்டம்னா எல்லாம் உண்டு."

"நானும் சிரிச்சேன் பரத். மொதல்ல என்னன்னு தெரியாம நானும் கை தட்டினேன்." அவள் முகம் வெளிறியிருந்தது. அதற்கப்புறம் அவனோடு பேசவில்லை.

அந்த வாரம் பரத்வாஜுக்குச் சோறு இறங்கவில்லை. தூக்காது என்றானே, நிஜமாகவே தூக்காதா? ரங்கநாதன் தெருப் பக்கம் போய்வந்த ராகேஷ் ஒரு சேதி கொண்டுவந்தான். நல்லசிவம் மாமாவிடம் கெஞ்சி ஓட்டைக்குக் கீழே நிற்கிற வேலையை வேறு ஆளுக்கு மாற்றிக்கொண்டு, துணி கிழிக்கிற மேஜைக்குப் போய்விட்டானாம். டீக்கடையில் வலியுல்லா பாய் அவன் முதுகுக்குப் பின்னால் நின்று தட்டிக்கொண்டே இருக்கிறாராம். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு கையைக் கீழேயே வைக்கப் பழகுகிறானாம்.

"இப்ப தூக்குறானா இல்லையா?" என்றான் பரத்வாஜ்.

"என்னைப் பாத்ததும் நிறுத்திட்டாங்க மச்சி."

தெரிந்துகொள்ளாமல் இருக்க அவனால் முடியாது. அது அவன் வியாதி. சனிக்கிழமை காலையில் ஸ்நேஹாவின் அறை வாசலில் போய் நின்றான். "அவன்கிட்ட மன்னிப்புக் கேக்கணும். தனியா போக ஒரு மாதிரியா இருக்கு. நீயும் வாயேன்."

அவள் அண்ணனை நிமிர்ந்து பார்த்தாள். கண் கலங்கிவிட்டது. "இரு, அந்தப் புடவையையே கட்டிண்டு வரேன். அவர் பாத்தா சந்தோஷப்படுவார்" என்றாள். ஒரு வாரம் பேசாமல் இருந்ததற்கு அவளே மன்னிப்புக் கேட்டாள்.

கடையில் நிற்க இடமில்லை. ஏதோ கல்யாண வீட்டார் வேட்டிகளை மொத்தமாக வாங்கிக்கொண்டிருந்தார்கள். ஓட்டைக்குக் கீழே நின்ற புது ஆள், வந்து இறங்கின மூட்டையை உள்ளே இழுத்துக்கொண்டு போயிருந்தான். அவன் திரும்பி வரட்டும் என்று மாமா கல்லாவில் காத்திருந்தார். மேலே ஓட்டையின் விளிம்பில் அடுத்த மூட்டையின் கோணி மூலை நீட்டிக்கொண்டிருந்தது.

மேஜையில் இருந்த நல்லசிவம் பரத்வாஜைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"அண்ணா உங்ககிட்ட மன்னிப்புக் கேக்க வந்திருக்கான்" என்றாள் ஸ்நேஹா.

நல்லசிவம் நம்பாமல் ஒரு கணம் பார்த்தான். பிறகு அந்தப் புடவையைப் பார்த்தான். கத்தரிக்கோலை வைத்துவிட்டு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவர்களைப் பார்த்து வந்தான். முகத்தில் பழைய சிரிப்பு பாதி வந்துவிட்டது. கடையின் நடுவில், கொஞ்சம் வெற்றிடமாக இருந்த இடத்தில் வந்து நின்றான்.

நல்லசிவத்தின் தலைக்கு மேலே ஓட்டை இருப்பது பரத்வாஜுக்குத் தெரியும். கோணி மூலை அவன் கண்ணில் பட்டது. தெரியாது, கவனிக்கவில்லை என்று பிற்பாடு அவன் யாரிடம் எத்தனை தடவை சொல்லியிருந்தாலும், பட்டது. ஆனால் அந்த நேரத்தில் அவனுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. நாளைக்கு அது பலிக்குமா, பலிக்காதா?

இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், பட் பட் என்று தட்டினான்.

நல்லசிவத்தின் தோள்கள் துடித்தன. கழுத்து நரம்பு புடைத்தது. விரல்கள் இறுகி முஷ்டியாயின. ஆனால் கைகள் பக்கவாட்டிலேயே நின்றன. அவன் பரத்வாஜின் கண்ணை நேராகப் பார்த்தான். ஜெயித்துவிட்டவனின் சிரிப்பு அவன் முகத்தில் முழுசாக மலர்ந்தது.

போச்சு, தூக்கவில்லை, நாளைக்கு இடம் இவனுக்குத்தான் என்பதுதான் பரத்வாஜுக்கு முதலில் தோன்றியது. அந்த நினைப்பு முடிவதற்குள் மூட்டை விழுந்தது.

சத்தம் பெரிதாக ஒன்றும் இல்லை. ஸ்நேஹாதான் வீறிட்டாள். மூட்டையைப் புரட்டித் தள்ளினார்கள். நல்லசிவம் கழுத்து ஒரு பக்கம் மடங்கிக் கிடந்தான். கண் திறந்திருந்தது, மூச்சு இருந்தது. வாய் அசைந்தது, பேச்சு வரவில்லை. கைகள் வைத்த இடத்திலேயே கிடந்தன. மாமா கல்லாவிலிருந்து தாண்டிக் குதித்து ஓடி வந்தார்.

"யாருல தட்டுனது? நான் தட்டவே இல்லயே."

ஓட்டையில் வலியுல்லாவின் முகம் தெரிந்தது. "கேட்டுச்சே மொதலாளி. ரெண்டு தட்டு நல்லாக் கேட்டுச்சே" என்று சொல்லிச் சொல்லித் தலையில் அடித்துக்கொண்டார்.

ஸ்நேஹா அண்ணனின் கைகளைப் பார்த்தாள். அவன் அவற்றைப் பேண்ட் பைக்குள் விட்டுக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை தேர்வுக்கு அவன் நேரத்தோடு போய்விட்டான். மூத்தவர் கொஞ்ச நேரம் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அந்த மாம்பலத்துப் பையன் எங்கேப்பா?" என்று கேட்டார்.

"தெரியலை சார்" என்றான் பரத்வாஜ். "ஷாப்ல வேலை போல இருக்கு."

"ஆட்டம் வேணும்னா வந்திருக்க மாட்டானா" என்று சலித்துக்கொண்டு, அவர் பரத்வாஜின் பக்கம் பந்தைத் தூக்கிப் போட்டார். அவன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.